இலைமேல் வைத்த கை

"அம்மா, எனக்கு இந்த அழுகையை நிப்பாட்டிக் குடுங்க. உங்க காலடியிலேயே கிடக்கேன்."

வடிவம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"ஆச்சும்மா."

"சரி" என்றாள். மிச்சத் துணியையும் காயப்போட்டாள்.

அண்ணாச்சி சாப்பிட்டிருக்கவில்லை. விடிவதற்கு முன்னால் பஸ் ஏறியவர். வயிறு கபகபவென்று எரிந்தது. இன்னொரு தரம் கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றார்.

அவள் கேட்கவில்லை.

இந்த அண்ணாச்சி யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் குற்றாலிங்கம். கடைவீதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை. வயசு அறுபதை நெருங்குகிறது. ஆள் வாட்டசாட்டம், மீசை வேறு. அந்த மீசைக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது.

கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வருவார்கள். பெயர் வெட்டுகிற மிஷினை அண்ணாச்சிதான் பிடிப்பார். 'அன்பு மகளுக்கு' என்று வெட்ட ஆரம்பிக்கும்போதே கண் நிறைந்துவிடும். எழுத்து கோணிவிடும். தூசி விழுந்துட்டு என்பார். அந்தக் கடைவீதியில் வேறு யார் கண்ணிலும் அவ்வளவு தூசி விழுந்ததில்லை.

பேரம் பேசுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். 'அப்பா இல்லாத பிள்ளை அண்ணாச்சி' என்று ஒரு வார்த்தை விட்டால் குடம் ஒன்று இனாமாக வந்துவிடும்.

அதெல்லாம் சிரிப்பாகப் போயிற்று. மூத்த மகள் சுபத்ராவின் கல்யாணத்தில்தான் சிரிப்பு நின்றது.

மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்க்க வேண்டும். அண்ணாச்சி செம்பைத் தூக்கினார். பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண் கலங்கினால் பரவாயில்லை, எந்தத் தகப்பனுக்கும் கலங்கும். இவர் வாய்விட்டுக் கதறினார். மேளக்காரர் வாசிக்கவா நிறுத்தவா என்று தெரியாமல் முழித்தார். செம்பு கை நழுவி மாப்பிள்ளை காலில் விழுந்தது. வீடியோக்காரன் ஒன்று விடாமல் பிடித்தான். மறுநாள் சொந்தக்காரர்கள் போனில் எல்லாம் அதுதான் ஓடியது.

"பொண்ணைக் குடுத்தாங்களா, பொணத்தை எடுத்தாங்களா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அத்தை.

சுபத்ரா இன்றுவரை அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்போது சின்னவள் பிரபாவுக்கு ஆவணியில் கல்யாணம். போன மாதம் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, தாரை வார்க்கப் பெரியப்பா நிக்கட்டும். நீங்க பந்தியைப் பாத்துக்கிடுங்க."

"சரிம்மா. பந்தியையும் யாராவது பாக்கணும்லா" என்றார் அப்பா.

பின்கட்டுக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தில் அழுதார்.

ஆவணிக்குள் அழுகையை நிறுத்த வேண்டும். மகள் பக்கத்தில் மேடையில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

வடிவம்மா அவரைவிடப் பதினைந்து வயசாவது இளையவள். காவி கிடையாது, சடாமுடி கிடையாது. நூல் சேலை, ரப்பர் செருப்பு. மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம். அதைத்தான் மடம் என்கிறார்கள். மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள், சொல்லுவார்கள், அவள் கேட்டுக்கொள்வாள். அவ்வளவுதான் அங்கே நடப்பது.

மத்தியானம் பந்தி. தரையில் வரிசையாக இலை போட்டார்கள். அங்கே சமைப்பதும் பரிமாறுவதும் முப்பிடாதி என்கிற அம்மாள்.

முப்பிடாதி ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"போதுமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி நம்மையெல்லாம் போல வளர்ந்தவர். கேட்டதும் 'போடுங்க' என்றால் காணாததைக் கண்டவன் என்று நினைக்க மாட்டார்களா? இலைக்கு மேல் கையை விரித்து, குனிந்து, "போதும் போதும்" என்றார். அவள் வற்புறுத்துவாள். அட, கூச்சப்படாதீங்க என்று விரலிடுக்கிலேயே கொட்டிவிட்டுப் போவாள். அதுதானே முறை.

முப்பிடாதி அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

மறுசோற்றுக்கு வந்தாள்.

"போதுமா?"

பாழாய்ப்போன கை தானாகவே இலைமேல் போயிற்று.

"போதும்."

போய்விட்டாள்.

அண்ணாச்சிக்குக் கண் நிறைந்தது. சோற்றுக்கா அழுவாய், தூ என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். பக்கத்து இலைக்காரர் பார்த்துவிட்டார். அந்த ஆளின் முகத்தில் அதற்குப் பிறகு அண்ணாச்சி முழிக்கவே இல்லை.

சாயங்காலம் வடிவம்மாவிடம் போனார்.

"உங்க மடத்துல உபசாரம் கிடையாதாம்மா?"

"ஏன்?"

"அரை வயிறு."

"முப்பிடாதி கேக்கலையா?"

"கேட்டா. போதும்னேன். அது ஒரு பேச்சுக்குச் சொல்லுறதுதானே. ரெண்டு தரம் வற்புறுத்தினா குறைஞ்சா போவா?"

"இங்க அது கிடையாது அண்ணாச்சி. போதும்னா விட்டுருவோம்."

"இது என்னம்மா சட்டம்?"

"வாய் இருக்குல்லா?"

அதோடு சரி. ராத்திரியும் அண்ணாச்சி போதும் என்றுதான் சொன்னார். அறுபது வருஷத்துப் பழக்கம், ஒரு நாளில் போகுமா?

அடுத்த நாள் மந்திரம் கேட்டார். தெரியாது என்றாள். மூச்சை அடக்கினால் அழுகை அடங்குமாமே என்றார். மூச்சை ஏன் அடக்கணும், அது பாட்டுக்குப் போகட்டும் என்றாள்.

"அப்ப எனக்கு என்னதான் செய்வீங்க?"

"வியாழக்கிழமை நான் ஒரு இடத்துக்குப் போவேன். கூட வாங்க."

அண்ணாச்சிக்கு உடம்பு சிலிர்த்தது. வியாழக்கிழமை விஷயம் அவருக்குத் தெரியும். மடத்துக்கு வருகிறவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்வது அது. அம்மா தன் குருவைப் பார்க்கப் போகிறாள், அவர் ஜீவசமாதியில் உட்கார்ந்து பேசுகிறார், அங்கே வேறு யாரும் போனதில்லை என்று.

வியாழக்கிழமை அண்ணாச்சி வேட்டி மாற்றி, பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டார். பெரிய குருவை வெறுங்கையோடு பார்க்கலாமா? சொந்தக் கடைத் தாம்பாளம் ஒன்று கையோடு கொண்டுவந்திருந்தார். பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய், பெரிய ரோஜா மாலை.

வடிவம்மா தாம்பாளத்தைப் பார்த்தாள்.

பஸ்ஸில் ஜங்ஷன் வரை போனார்கள். ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படி. மாடியில் ஒரு போர்டு.

'மனநல ஆலோசனை.'

அண்ணாச்சி கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். காது இரண்டும் சுட்டது.

"என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டீங்களா அம்மா? சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா. மானங்கெட்டு இங்கயும் நிக்கணுமா நான்?"

"உங்களுக்குன்னு யார் சொன்னா? எனக்கு."

உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாச்சி மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண்பார்க்க வந்த மாதிரி இருந்தது.

எதிரே ஒரு அம்மாள். எங்கேயோ பார்த்த முகம். ஐயையோ, தைமாதம் நம்ம கடையில் தவலை எடுத்தவள்!

அண்ணாச்சி மாலையை முகத்துக்கு நேரே தூக்கினார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள். ரோஜாப்பூ இடுக்கில் ஒரு தரம் கண்ணும் கண்ணும் சந்தித்தன. நான் உன்னைப் பார்க்கவில்லை, நீ என்னைப் பார்க்கவில்லை என்று பேசி முடித்துக்கொண்டார்கள்.

"வடிவு!" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். அம்மாவும் கிடையாது, சாமியும் கிடையாது. வெறும் வடிவு.

அவள் எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வாங்க போவோம்" என்றாள்.

பஸ்ஸில் அண்ணாச்சி தாம்பாளத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வடிவம்மா தாம்பாளத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்துத் தின்றாள்.

"உங்களுக்கு என்னம்மா குறை?"

"ஊர் பூரா எங்கிட்ட வந்து சொல்லுது. கேட்டதெல்லாம் உள்ளேயே தங்கிப் போச்சு. தூக்கம் போச்சு. ஒரு நாள் உப்பு கூடிட்டுன்னு முப்பிடாதியை அடிக்கக் கை ஓங்கிட்டேன். அதுக்கப்புறம் இங்க வாரேன்."

"சாமிகிட்டச் சொல்லக்கூடாதா?"

"சொல்லுதேன். அவரு 'அப்புறம்?'னு கேக்க மாட்டேங்காரு."

"இது வெளிய தெரிஞ்சா மடத்துக்கு ஈ காக்கா வராது."

"நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி. மனசுக்கு வைத்தியம் பாக்கப் போறேன்னுதான் சொல்லுதேன். நம்ப மாட்டேங்காங்க. ஜீவசமாதிங்காங்க."

அவள் சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"குருவுக்கே தீரலை. என் அழுகையை யாரு நிப்பாட்டுவா?"

"நான் நிப்பாட்டுதேன்னு எப்பச் சொன்னேன்?"

அன்று சாயங்காலமே அண்ணாச்சி பையைக் கட்டினார். இவளைப் போய் குரு என்று நம்பினோமே என்று ஆத்திரம். மடத்து வாசலைத் தாண்டும்போது போன் அடித்தது. பிரபா.

"அப்பா, பந்திக்கு இலை எவ்வளவு சொல்லணும்?"

"நான் பாத்துக்கிடுதேன்ம்மா."

"உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லியேப்பா?"

"சே, சே. என்ன வருத்தம்? நீ வேலையைப் பாரு."

போனை வைத்தார். அங்கே திறந்துவிடக் குழாய் ஒன்றும் இல்லை. வேலிப்பக்கம் திரும்பி நின்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார்.

அடுத்த வியாழக்கிழமை தாம்பாளம் கொண்டுபோகவில்லை. துண்டைத் தலையோடு முக்காடாகப் போட்டுக்கொண்டு படியேறினார்.

உள்ளே ஒரு பெண் இருந்தாள். பெயர் பெனிட்டா. பிரபா வயசுதான் இருக்கும். டாக்டர் எப்பம்மா வருவாங்க என்று அவளிடமே கேட்டார்.

"நான்தான் சார் பேசப்போறேன். உக்காருங்க."

இதுக்கு அந்த ஜெராக்ஸ் கடைக்காரனிடமே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்தார். அழுகையை நிறுத்த வேண்டும் என்றார். கண்ணில் ஏதோ கோளாறு மாதிரிதான் சொன்னார்.

"நிப்பாட்டிட்டா என்ன செய்வீங்க?"

"மக பக்கத்துல மேடையில நிப்பேன்."

"நிக்கணும்னு உங்களுக்கு ஆசையா இருக்குன்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"அவ வேணாம்னு சொல்லிட்டாளே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

பெனிட்டா தலையாட்டினாள். காத்திருந்தாள். அண்ணாச்சி கடை வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். சர்க்கரை, பிரஷர் ஒன்றும் இல்லை என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

"இன்னும் நேரம் இருக்கு சார். பேசணுமா, இல்ல, இன்னிக்குப் போதுமா?"

"போதும்மா, போதும்."

"சரி சார்" என்றாள் பெனிட்டா. வற்புறுத்தவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். அப்போதுதான் கவனித்தார். அவருடைய வலது கை மேஜைமேல் விரிந்து நின்றது. கீழே இலையும் கிடையாது, சோறும் கிடையாது. கை மட்டும் தடுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"பத்தலைம்மா" என்றார்.

அழுகை வந்தது. பெனிட்டா தடுக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கூடவே இருந்தாள். அழுகைக்கு நடுவில் அவர் சொன்னது இதுதான்.

அவர் அம்மா சாகும்போது அவர் மூன்றாம் வகுப்பு. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் போனார். மாமா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். 'ஆம்பளப்பய அழக்கூடாது, வாறவங்களுக்குத் தண்ணி குடு' என்று செம்பைக் கையில் கொடுத்தார். அன்று முழுக்க அவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தார். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் யாருக்கோ கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கவே இல்லை.

"அப்புறம்?" என்றாள் பெனிட்டா.

இத்தனை வருஷத்தில் அந்தக் கதைக்கு யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை.

"இப்ப என் மகளும் பந்தியைப் பாருங்குதா" என்றார் அண்ணாச்சி.

மடத்துக்கு வந்ததும் வடிவம்மா கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்லம்மா. நல்ல பசி."

"முப்பிடாதி!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் வடிவம்மா.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அவரவர் முறை வந்தபோது உள்ளே போனார்கள். வெளியே வந்து மூக்கைச் சிந்தினார்கள். முக்காடு எப்போது தோளுக்கு இறங்கியது என்று அண்ணாச்சிக்கே தெரியாது. ஒரு வாரம் அந்தத் தவலை அம்மாளிடம், "தவலை ஒழுகுதா, நல்லா இருக்கா?" என்று விசாரித்தார். அவள் வாய்பொத்திச் சிரித்தாள். அழுகை மட்டும் நிற்கவில்லை. முன்னைவிடக் கூட என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆடி முடிகிற சமயம் பிரபா பத்திரிகை வைக்க மடத்துக்கு வந்தாள். நல்ல மத்தியானம். இலை போட்டார்கள். அப்பாவுக்கும் வடிவம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

முப்பிடாதி ஒரு கரண்டி வைத்தாள். "போதுமா தாயி?"

பிரபாவின் கை இலைமேல் விரிந்தது. "போதும்க்கா, போதும்."

முப்பிடாதி அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சி மகளின் கையைப் பார்த்தார். தன் கை மாதிரியே இருந்தது. வடிவம்மா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பிரபா."

"என்னப்பா?"

"பந்தியை நான் பாக்க மாட்டேன்."

அவள் சோறு பிசைவதை நிறுத்தினாள்.

"தாரை நான்தான் வார்ப்பேன். எனக்கு ஆசையா இருக்கு. நீ வேணாம்னப்ப சரின்னேன்லா, அது பொய். வீட்டுக்குப் பின்னால போய் அழுதேன்."

"அப்பா..."

"மேடையிலயும் அழுவேன். அது நிக்காது. செம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுவேன். அழுகையைப் பிடிக்க எனக்கு ஆகாது. அக்கா மாதிரி உனக்கும் பேச்சு வரும். அதுக்கும் சேத்துத்தான் கேக்கேன். நீ மாட்டேன்னா, சரி. ஆனா எனக்கு வருத்தம்தான். வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

பந்தியில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் கண்ணீர் மீசையில் இறங்கி இலையில் விழுந்தது. துண்டு தோளில்தான் கிடந்தது. எடுக்கவில்லை.

பிரபா குனிந்தே இருந்தாள்.

"ஊர் பேசும்னு இல்லப்பா."

"பின்ன?"

"நீங்க அழுதா நானும் அழுதுருவேன். அக்கா கல்யாணத்துல பாத்ரூம்ல போய் நின்னுதான் அழுதேன். யாருக்கும் தெரியாது. மேடையில எங்கப்பா போய் நிப்பேன்? எல்லாரும் பாப்பாங்கல்லா."

அண்ணாச்சி மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"நெனவு தெரிஞ்சதுலருந்து."

வடிவம்மா மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிரபா புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"பெரியப்பாகிட்ட என்ன சொல்ல?"

"பந்தியைப் பாத்துக்கிடச் சொல்லு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இடது கையால் முகத்தை மூடப்போனாள். பாதியில் விட்டுவிட்டாள்.

முப்பிடாதி மறுசோற்றோடு திரும்பி வந்தாள். அவர்கள் இலைக்கு முன்னால் நின்றாள்.

"போதுமா தாயி?"

பிரபாவின் கை பழக்கத்தில் இலைமேல் போயிற்று. அங்கேயே நின்றது. அப்பாவின் இலையைப் பார்த்தாள். அங்கே கை இல்லை.

தன் கையை எடுத்தாள்.

"பத்தலைக்கா."